சும்மா நின்ற ஹெரால்டு

ஓடாத வண்டிக்குத் தேய்மானம் கிடையாது என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஷெட்டுக்குள் நிற்கிறது, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறது, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாகிறது. இதற்கு மேல் அதற்கு என்ன கேடு வந்துவிடும்? மாலை போட்ட கையோடு பானெட்டையும் திறந்து, பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் எத்தனையோ பழைய கார்கள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பித்திருக்கும்.

திருவான்மியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது நண்பர் வீடு. அங்கே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கண் மங்கத் தொடங்கியதும் அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். அவர் காலமான பிறகும் சாவி ஆணியில்தான் இருந்தது. அம்பாசடர் வங்காளத்து உத்தரபாராவில் பிறந்தது, பியட் பம்பாய் குர்லாவில். ஹெரால்டு மட்டும்தான் நம்மூர்ப் பிள்ளை. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்த காரை, 1961 முதல் சென்னையில் செய்து விற்றது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர். முன்பக்கத்து மட்கார்டுகளோடு சேர்த்து மொத்த பானெட்டும் முன்னால் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே ஹெரால்டின் மற்ற குற்றங்களை மன்னிக்கிற மெக்கானிக்குகள் உண்டு.

அந்த இன்ஜின் ஜாம். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அசையவில்லை.

நின்ற இடத்தில் இன்ஜின் எப்படி இறுகும் என்பதை நண்பரின் வீட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை. நாலு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் பிஸ்டன்கள் பெரும்பாலும் பாதி வழியில்தான் நிற்கும். அப்போது நான்கில் இரண்டு சிலிண்டர்களில் வால்வு மூடியிருக்கும். மற்ற இரண்டில் ஒன்றுக்கு உள்ளிழுக்கும் வால்வு திறந்திருக்கும், இன்னொன்றுக்குப் புகை வெளியேறும் வால்வு. சைலன்சர் வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் ஈரக்காற்று உள்ளே போய்வர இது போதும். கடற்கரைக் காற்று என்றால் உப்பும் சேர்ந்து வரும். சுவரில் இருந்த எண்ணெய் மெல்ல வழிந்து சம்ப்புக்குப் போய்விடும். பிறகு பச்சை இரும்பு. பிஸ்டன் அலுமினியம்தான், ஆனால் ரிங்கும் வார்ப்பிரும்பு, சிலிண்டர் சுவரும் வார்ப்பிரும்பு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். அந்த இடம் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இல்லை.

தாம்பரத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். முதலில் அவர் கேட்டது இன்ஜினைப் பற்றி அல்ல. “சார், இது ஓடும்போது நின்னுச்சா, நின்னு நின்னு நின்னுச்சா?”

சரியான கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீரோ ஆயிலோ இல்லாமல் காய்ந்து பிடித்த இன்ஜின் வேறு சாதி. பிஸ்டன் உருகிச் சுவரில் அப்பியிருக்கும், அல்லது பேரிங் கிராங்கைக் கவ்வியிருக்கும். எந்த எண்ணெயும் அதற்கு மருந்தாகாது, இறக்கித்தான் ஆகவேண்டும். நின்று துருப்பிடித்ததற்குத்தான் நம்பிக்கை உண்டு. நண்பரின் அப்பா கடைசியாக அதைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டிருந்தார்.

அடுத்து, ஜாம் ஆனது இன்ஜின்தானா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ஃபேன் பெல்ட்டைக் கழற்றினால் டைனமோவும் வாட்டர் பம்ப்பும் கணக்கிலிருந்து போய்விடும். செல்ஃப் மோட்டாரின் பல், பிளைவீல் ரிங்கில் மாட்டிக்கொண்டே நின்றிருக்கலாம்; அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதுகூடக் கேட்க வேண்டிய கேள்விதான். பாய் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஸ்பேனர் போட்டார். அசைவில்லை.

இந்த இடத்தில் நண்பரின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் சொல்வதுதான்: டாப் கியரில் போட்டு, ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தால் தானாக விட்டுவிடும். விடும், உண்மைதான். எதை விட்டுவிட்டு எது வரும் என்பதுதான் தெரியாது. ரிங் உடையலாம். ரிங் உட்காரும் பிஸ்டன் விளிம்பு பெயரலாம். வால்வும் தன் கைடில் துருப்பிடித்து நின்றிருந்தால், கேம் தள்ளுகிற தள்ளில் புஷ் ராடு வளையும். துரு செய்யாத சேதத்தைக் கயிறு ஒரே நிமிடத்தில் செய்துவிடும். பழைய வண்டிகளைத் திறந்து பார்த்தவர்களிடம் கேளுங்கள். காலம் கெடுத்ததைவிட அவசரம் கெடுத்ததுதான் அதிகம் என்பார்கள்.

பிளக் ஓட்டை வழியாக எதை ஊற்றுவது என்பதில் உலகம் முழுக்கச் சண்டை. டீசல் என்பார் ஒருவர், மண்ணெண்ணெய் என்பார் இன்னொருவர், பிரேக் ஆயில் என்பார் மூன்றாமவர். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி என்பது வெளிநாட்டுக்காரர்களின் கைமருந்து. குலுக்கி ஊற்றினாலும் இரண்டும் பிரிந்து நிற்கும். அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகிவிடும், பக்கத்தில் பீடி பற்றவைத்தால் தீப்பிடிக்கும், கடைசியில் மிஞ்சுவது ஆயில்தான். என் கட்சி இதுதான்: எதை ஊற்றினோம் என்பதைவிட எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதே முக்கியம். பாய் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து நான்கிலும் விட்டார். வாரக்கணக்கில் அது ஊறியது. முதல் சிலிண்டரிலும் மூன்றாவதிலும் விட்டது சீக்கிரமே வடிந்துவிட, இரண்டாவதிலும் நாலாவதிலும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரிங்கைத் தாண்டி வழி கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஹெட்டைத் திறக்காமலே விடுவிப்பது ஒரு கட்சி, திறந்து பார்த்துச் செய்வது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பலம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஹெரால்டு ஹெட்டும் வார்ப்பிரும்புதான், கனம். ஸ்டட்டில் அதுவும் துருப்பிடித்திருந்ததால் எழும்ப மறுத்தது. எழுந்ததும் விஷயம் தெரிந்தது: ஒன்றும் மூன்றும் மங்கிய சாம்பல் நிறம், இரண்டும் நாலும் செங்கல் நிறம். இந்த இன்ஜினின் ஃபயரிங் வரிசை 1-3-4-2. முதல் சிலிண்டர் வெடித்து இறங்கும் நேரத்தில் நின்றால், நாலாவது காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், இரண்டாவது புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும். வால்வு திறந்திருந்த அந்த இரண்டில்தான் துரு. எந்த நொடியில் சாவி திருகி அணைக்கப்பட்டது என்பது வரைக்கும் உலோகத்தில் பதிவாகியிருந்தது.

பாய் வேலமரக் கட்டை ஒன்றைச் சிலிண்டர் வாய்க்கு ஏற்றபடி இழைத்து வைத்திருந்தார். சுத்தியலால் பிஸ்டன் தலையில் நேராக அடித்தால் அலுமினியம் பிளந்துவிடும். முதலில், பிஸ்டனுக்கு மேலே தெரிந்த சுவரில் இருந்த துருவையெல்லாம் எமரி ஷீட்டால் தேய்த்து எடுத்தார். அதைச் செய்யாமல் ஏற்றினால் ரிங் அந்தத் துருவில் போய்ச் சிக்கும். பிறகு கட்டையை நாலாவது பிஸ்டன் மேல் வைத்து இரண்டு தட்டு; பிறகு இரண்டாவதன் மேல் இரண்டு தட்டு. நாலு இறங்கினால் இரண்டு ஏறும், இரண்டு இறங்கினால் நாலு ஏறும். உடைப்பது நோக்கமில்லை, முன்னும் பின்னும் ஆட்டுவதுதான். பிஸ்டன் உச்சியில் நின்றிருந்தால் இந்தத் தட்டல் வீண். கனெக்டிங் ராடு கிராங்குக்கு நேர் மேலே இருக்கும், அடி முழுக்கப் பேரிங்குக்குப் போகும். இங்கே பாதி வழியில் நின்றது நல்லதாகப் போயிற்று.

அரை நூல் அசைந்தது. பாய் உடனே நிறுத்திவிட்டு எண்ணெய் விட்டார். “இன்னும் ரெண்டு போடுங்க பாய்,” என்றார் அண்ணன். “வந்தது போதும் சார், நாளைக்கு மீதி வரும்.” வந்தது.

முழுச் சுற்று சுற்றிய பிறகும் அண்ணனுக்குத் திருப்தி இல்லை. “வேற இன்ஜின் புதுப்பேட்டையில வாங்கிப் போட்டிருக்கலாமே?” போட்டிருக்கலாம்தான். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரும் இருக்கிறது, மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கிப் பதிவைத் திருத்த வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பழைய பொருள் என்று சான்று கேட்கப்போகிற வண்டிக்குள் அடுத்தவன் இன்ஜின் எதற்கு?

இரண்டாவது, நாலாவது சிலிண்டர் சுவர்களில் நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி. லேத்தில் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதுதான் என்றார் பாய். ஆனால் அதற்கு முன் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார் நண்பர். அதில் தப்பில்லை. சம்ப்பில் இறங்கியிருந்த டீசலோடு ஆயில் முழுவதையும் மாற்றி, பிளக் போடாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் லைட் அணைந்த பிறகே பிளக் மாட்டினார்கள். சிலிண்டருக்குள் திரவம் தேங்கியிருக்கும்போது பிளக்கை மூடி அடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். டேங்கில் பிசினாகியிருந்த பெட்ரோலைத் தொடவே இல்லை. வெளியே ஒரு கேனிலிருந்து குழாய். பிடித்தது. தெருவில் கொசு மருந்து அடிப்பதாக நினைத்து எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

“இனிமே வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வெச்சா போதுமா பாய்?”

“அது பண்ணாமலே இருக்கலாம் சார். இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டா சைலன்சர்லயும் சம்ப்லயும் தண்ணிதான் நிக்கும். மறுபடி துரு. ரீபோர் முடிஞ்சதும் மகாபலிபுரம் வரைக்கும் ஓட்டிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.”

“அவ்ளோ தூரமா! பிரேக் பிடிக்குமா?”

“நாலு வீல் சிலிண்டரும் ஜாம் சார். இனிமேதான் பார்க்கணும்.”