பிடி பிடியாக இருக்கட்டும்!

ஆரணிப் பட்டின் பெருமையை நம் பெண்மணிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பட்டுக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டு நூல் நெசவாளர் வீட்டுக்குப் போனதும், நெய்த சேலை அங்கிருந்து திரும்பியதும் பல காலம் சைக்கிளில்தான். இன்று மோட்டார் வண்டிகள் பெருகிவிட்டாலும், பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குச் சைக்கிள்தான் துணை. 2001-ஆம் ஆண்டு ஆதி திராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. சேவூரானாலும் சென்னையானாலும், வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது அல்லவா?

அதன் கைப்பிடியைக் கொஞ்சம் திருகிப் பாருங்கள். கையோடு சுற்றுகிறதா? அப்படியானால் இன்றே கவனிக்க வேண்டிய விஷயம் அது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது உறை கழன்று கையோடு வந்துவிட்டால், குழந்தை விழுவது நிச்சயம்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உறை கிழிந்து, வெறும் குழாய் முனை வெளியே தெரிகிற சைக்கிள்! விழுகிற குழந்தையின் வயிற்றில் அது குத்தினால் கல்லீரல், மண்ணீரல், கணையம் எல்லாம் அடிபடக்கூடும் என்று டாக்டர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். வெளியே சிறு கன்றல்தான் தெரியும். உள்ளே ரத்தம் கசியும். கைப்பிடி வயிற்றில் இடித்தது என்று குழந்தை சொன்னால், தைலம் தடவிப் படுக்க வைக்காமல் உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, கைப்பிடியை இறுக்குவது எப்படி? இதற்கு மெக்கானிக் வேண்டாம், நீங்களே செய்யலாம்.

ஸ்வெட்டர் பின்னும் ஊசியை உறைக்கும் குழாய்க்கும் நடுவே மெதுவாகச் செருகுங்கள். அந்த இடைவெளியில் சோப்புத் தண்ணீர் சில சொட்டு விட்டு, உறையைத் திருகினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு குழாயில் உள்ள துருவை உப்புக் காகிதத்தால் தேய்த்து, சோப்புப் பசை போக உள்ளும் புறமும் கழுவித் துடைத்து உலர்த்துங்கள்.

மறுபடி மாட்டும்போது எண்ணெய் மட்டும் கூடவே கூடாது! சுலபமாக ஏறுகிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினால், அது காயாது. உறை என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை உள்ளே கொஞ்சம் தடவி ஒரே மூச்சில் தள்ளுங்கள். அது ஆவியாகிப் போனதும் உறை இறுகிவிடும். அடுப்புப் பக்கம் மட்டும் ஸ்பிரிட்டைக் கொண்டு போகாதீர்கள். விரல் பதியும் பள்ளங்கள் உள்ள உறையானால், பள்ளம் கீழ்ப்பக்கம் வரும்படி உடனே திருப்பிவிடுங்கள். காய்ந்த பிறகு திருப்ப முடியாது. பிரேக் தடையில்லாமல் அமுங்குகிறதா என்றும் பாருங்கள்.

ராத்திரி முழுவதும் வண்டியைத் தொடாமல் விடுங்கள். காலையில் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு, இரண்டு உறைகளையும் திருகி, பலமாக இழுங்கள். எழுபது நியூட்டன் விசைக்கு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான இழுப்புக்கு, கழலக்கூடாது என்பது சர்வதேசத் தர விதி.

அப்படியும் சுற்றினால் உறை தளர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். துணி சுற்றி ஒப்பேற்றாமல் புதிது வாங்குங்கள். சாதாரண சைக்கிள்களில் பெரும்பாலும் குழாயின் விட்டம் முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 22.2 மில்லிமீட்டர். பழைய உறையையும் கடைக்குக் கொண்டு போனால் வம்பில்லை. முனை மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெயிலில் பிசுபிசுத்துக் கறுப்பு ஒட்டும் உறையையும் மாற்றிவிடுவதே நல்லது. அந்தக் கையோடு பட்டைத் தொட்டால் என்னாகும் என்று ஆரணிப் பெண்களைக் கேளுங்கள்!

தறியில் ஓர் இழை அறுந்தால், அதை அப்போதே முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்வார்கள். தளர்ந்த கைப்பிடியும் அப்படித்தான். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நாளைக் காலையில்தானே உங்கள் பெண் அதில் ஏறப் போகிறாள்?