எமது இல்லக் கணினிகளுக்கு யார் பொறுப்பு?

யேர்மனியில் வாழும் எமது குடும்பங்களுக்குக் கணினி இன்று ஓர் ஆடம்பரப் பொருளன்று. வங்கிக் கணக்கு, வரி விபரம், பாடசாலைக் கடிதங்கள், வெளிநாட்டவர் பணியகத்துடனான தொடர்பு, தாயகத்து உறவுகளுடனான உரையாடல் என எமது வாழ்வின் பெரும்பகுதி அதனூடாகவே நடைபெறுகின்றது. ஆயினும், அக்கணினியின் பாதுகாப்புக்கு வீட்டில் எவர் பொறுப்பு என்று வினவினால் தெளிவான பதில் கிடைப்பது அரிது. பெற்றோர் பிள்ளையைச் சுட்டுகின்றனர். பிள்ளையோ, வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கின்றதே என்று கூறி அகன்றுவிடுகின்றது. திரையின் மூலையில் தோன்றும் இற்றைப்படுத்தல் அறிவித்தலை, "பின்னர்" என்ற பொத்தானை அழுத்தி நாள்தோறும் பிற்போடுகின்றோம். அந்தப் பிற்போடுதலின் விலை என்ன என்பதை நாம் சிந்தித்தாக வேண்டும்.

இதற்கான பாடம் இந்த நாட்டிலேயே இருக்கின்றது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் "சாசர்" என்னும் கணினிப்புழு உலகெங்கும் பரவியது. அதனை எழுதியவர், யேர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பதின்ம வயது மாணவர். அப்புழுவுக்கு எவரும் மின்னஞ்சலைத் திறக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. திருத்தப்படாத விண்டோஸ் கணினி இணையத்துடன் இணைந்திருந்தாலே அதற்குப் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் டெல்ற்றா விமான நிறுவனத்தின் பறப்புகள் தடைப்பட்டன. பிரித்தானியக் கடலோரக் காவல் அமைப்பின் மின்வரைபடங்கள் செயலிழந்தன. இத்தனைக்கும், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் ஏப்ரல் 13ஆம் நாளே வெளியிட்டிருந்தது. புழு பரவத் தொடங்கியதோ ஏறத்தாழ 17 நாட்களின் பின்னர்.

2017இலும் இதுவே நிகழ்ந்தது. மார்ச் 14இல் திருத்தம் வெளியானது. மே 12இல் "வொன்னாகிறை" பரவியது. யேர்மன் தொடருந்து நிலையங்களின் அறிவிப்புத் திரைகளில் பணயத்தொகை கோரும் வாசகங்களைப் பயணிகள் கண்டனர். பிரித்தானியாவில் மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. இவ்விரு நிகழ்வுகளிலும் மருந்து முன்னரே ஆயத்தமாக இருந்தது. அதனை உட்கொள்ளாதவர்களே பாதிக்கப்பட்டனர். திருத்தம் வெளியாகும் நாள், ஓட்டை எங்கே இருக்கின்றது என்பது தீயோருக்கும் தெரியவரும் நாள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் தாமதமும் அவர்களுக்கு நாம் வழங்கும் அவகாசமாகும்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கும்போது இற்றைப்படுத்தல் எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். முன்னையது வாசலில் நிற்கும் காவலாளி. பின்னையது உடைந்த சுவரைக் கட்டுவது. சுவர் இடிந்து கிடக்கும் வீட்டுக்கு வாசற்காவல் மட்டும் போதுமா? விண்டோசுடன் கட்டணமின்றிக் கிடைக்கும் டிபெண்டர் பாதுகாப்பே பெரும்பாலான இல்லங்களுக்குப் போதுமானது. ஆனால் இயங்குதளம் காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டால் மாத்திரமே அதற்குப் பயனுண்டு.

இற்றைப்படுத்தினால் கணினி பழுதாகிவிடும் என்ற அச்சமும் எம்மவரிடையே உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 2024 யூலை 19இல் கிரவுட்ஸ்றைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட பிழையான இற்றைப்படுத்தலால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் முடங்கின. பேர்லின் விமான நிலையத்தில் பறப்புகள் சில மணிநேரம் நிறுத்தப்பட்டன. கீல், லூபெக் நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. எனினும் இதற்கான விடை இற்றைப்படுத்தலைக் கைவிடுவதன்று. ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, வேலை முடிந்ததும் அதனைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பதே விடையாகும். பழுதான கணினியை மீட்கவும், பணயத்தொகை கேட்கும் நச்சுநிரலை எதிர்கொள்ளவும் அந்த ஒரு படி உதவும்.

இவை அனைவருக்கும் பொதுவானவை. எமக்கே உரிய பலவீனமும் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் பரவிய நச்சுநிரல் ஒன்று, கூட்டாட்சிக் குற்றவியல் காவல்துறையின் சின்னத்தைத் திரையில் காட்டிக் கணினியைப் பூட்டியது. உங்கள் கணினியில் சட்டவிரோதப் பொருள் காணப்பட்டது, 100 யூரோவை முற்கொடுப்பனவுச் சீட்டின் மூலம் உடன் செலுத்துக என்று அது மிரட்டியது. பழைய, திருத்தப்படாத மென்பொருள்களின் ஓட்டைகளூடாகவே அது பெரிதும் நுழைந்தது. எந்தக் காவல்துறையும் திரையில் தோன்றி அபராதம் கேட்பதில்லை. ஆனால் அகதியாக வந்து, அதிகாரிகளின் ஒவ்வொரு கடிதத்தையும் நடுக்கத்துடன் பிரித்துப் பழகிய ஒரு தந்தைக்கு, அரசின் சின்னம் திரையில் தோன்றினால் எப்படியிருக்கும்? மானத்துக்கு அஞ்சி எவரிடமும் கூறாமல் பணத்தைச் செலுத்தத்தானே தோன்றும்? இத்தகையோர் குறிவைப்பது எமது கணினியை மாத்திரமன்று, எமது அச்சத்தையுமாகும்.

தமிழ்த் தொலைக்காட்சி பார்ப்பதற்கென மலிவாக வாங்கி மாட்டப்படும் சிறு பெட்டிகளையும் இங்கு குறிப்பிட்டாக வேண்டும். 2024 டிசெம்பரில், தகவல் தொழில்நுட்பப் பாதுகாப்புக்கான கூட்டாட்சிப் பணியகம், "பாட்பொக்ஸ்" என்னும் நச்சுநிரல் புகுந்த ஏறத்தாழ 30,000 கருவிகள் வரை யேர்மனியில் இருப்பதாக அறிவித்தது. மின்னணுப் படச்சட்டங்களும் ஊடகப் பெட்டிகளுமான அவற்றில் பழைய அன்ட்ரொயிட் இயங்குதளம் இருந்தது. விற்பனைக்கு வரும்போதே நச்சுநிரலும் உள்ளே இருந்தது. இத்தகைய கருவியூடாக வேறெவரோ செய்யும் குற்றம், எமது வீட்டு இணைய இணைப்பிலிருந்து நிகழ்ந்ததாகவே பதிவாகும். அப்போது இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு எச்சரிக்கை அனுப்பின. யேர்மன் மொழியில் வந்த அத்தகைய எச்சரிக்கை, விளம்பரக் கடிதங்களோடு குப்பைக்குச் செல்லாமல் இருக்க வேண்டுமல்லவா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்தது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வாழும் தனிப்பட்ட பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் வரை கட்டணமின்றி நீடிப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தானாக வருவதில்லை. பதிவு செய்தவர்க்கே உரியது. புதிய விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு, கட்டணமற்ற லினக்ஸ் இயங்குதளம் நல்லதொரு மாற்றுவழி. எதையும் செய்யாமல் அக்கணினியிலேயே வங்கி அலுவல்களைத் தொடர்வது மாத்திரம் தவறான வழியாகும்.

இளையோரே, பத்து வயதிலேயே பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர்களாகவும் கணினியின் காவலர்களாகவும் ஆனவர்கள் நீங்கள். அச்சுமையை நாம் அறிவோம். ஆயினும், உயர்கல்விக்காக நீங்கள் வேறு நகரம் சென்றபின் அந்த வீட்டுக் கணினி காவலின்றி நிற்கின்றது. ஆகவே "நான் செய்கிறேன், நீங்கள் தொடாதீர்கள்" என்பதை விடுத்து, தானியங்கி இற்றைப்படுத்தலை இயக்கி, அந்த அறிவித்தல் எப்படியிருக்கும் என்பதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் விளக்குங்கள். ரவுட்டரையும் கைத்தொலைபேசியையும் மறவாதீர்கள்.

பெற்றோரே, விளங்காத அறிவித்தல் ஒன்று தோன்றினால் பிள்ளையிடம் கேட்பது வெட்கத்துக்குரியதன்று. தவறுதலாக எதையேனும் அழுத்திவிட்டால் ஏசுவார்களோ என்று அஞ்சி மறைப்பதே ஆபத்தானது. ஏசாத பிள்ளையும் மறைக்காத பெற்றோரும் இருக்கும் இல்லத்தில் கள்வனுக்கு வேலை குறைவு. தமிழ்ப் பாடசாலைகளும் ஆலயங்களும் மன்றங்களும் ஆண்டுக்கொருமுறை ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி, எம் இளையோரைக்கொண்டே முதியோரின் கணினிகளைச் சீர்செய்து கொடுக்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஏதும் தேவைப்படாது.

பல ஆண்டு உழைப்பின் சேமிப்பும், தாயகத்திலிருந்து கொண்டுவந்து படியெடுத்து வைத்திருக்கும் பழைய ஒளிப்படங்களும் இன்று அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை மீண்டும் ஒருமுறை இழக்க எம்மால் இயலாது. இன்று மாலையே அந்த அறிவித்தலைத் திறந்து, "இப்போது" என்பதை அழுத்துவோம்.