கண்ணீர்ப்புகை வெறும் புகை அல்ல



கண்ணீர்ப்புகை என்றால், "அது ஒண்ணும் பண்ணாது, கொஞ்ச நேரம் கண் எரியும், அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்கள் நம்மில் உண்டு. உயிரைக் கொல்லாத ஆயுதம் என்றுதான் அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார்கள். உயிர் போகாவிட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று ஆகிவிடுமா?

அது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். போலீசார் பெரும்பாலும் பயன்படுத்தும் 'சி.எஸ்.' உண்மையில் வாயுவே அல்ல, நுண்ணிய தூள். புகையோடு பறந்து வந்து கண், மூக்கு, தொண்டை, வேர்வைபட்ட தோல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். உலு திராம் பக்கத்துத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். எதிர்க்காற்று வீசினால் மருந்து நம் முகத்தில்தானே படும்! வெட்டவெளி என்றால் விலகி ஓடலாம். அடைபட்ட இடத்தில் எங்கே ஓடுவது?

2007 நவம்பர் 25-ஆம் தேதி பத்துமலையில் அதுதான் நடந்தது. ஹிண்ட்ராப் பேரணிக்காக வந்த மக்கள் கோயில் வளாகத்துக்குள் இருந்தார்கள். கேட் பூட்டிக் கிடந்தது. அவர்கள் மேல் கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் பாய்ந்தன. பேரணி சரியா தப்பா என்பது வேறு பேச்சு. வெளியேற வழியில்லாத கூட்டத்தின் மேல் அடிப்பது எந்த நியாயத்திலும் சேராது. ஆஸ்துமாக்காரர், குழந்தை, வயதானவர் இவர்களுக்கு அது மூச்சையே முட்டவைக்கும். குண்டு தலையில் பாய்ந்தால் உயிரே போகும். 2019-இல் ஈராக்கின் பாக்தாத் நகரில் அப்படிப் பலர் மாண்டார்கள்.

1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தம், போரில் எதிரிப் படை மேல் கண்ணீர்ப்புகை அடிக்கக் கூடாது என்கிறது. ஊருக்குள்ளே சொந்த மக்கள் மேல் அடிக்க மட்டும் போலீசுக்கு இடம் கொடுக்கிறது! ஆகவே நாம் கேட்க வேண்டியது இரண்டு. அடிக்கும் முன் எச்சரித்து, கலைந்துபோக வழி விட வேண்டும். தண்ணீரில் என்ன கலந்தார்கள் என்பதை ஆஸ்பத்திரிகளுக்கு உடனே சொல்ல வேண்டும். என்ன பட்டது என்று தெரிந்தால்தானே ஒழுங்காக வைத்தியம் பார்க்க முடியும்?

நீங்கள் எங்காவது சிக்கிக்கொண்டால், காற்று வரும் பக்கமாக விலகிப் போங்க. கண்ணைக் கசக்காதீங்க; சுத்தமான தண்ணீரால் 10, 15 நிமிடம் கழுவுங்க. உடுப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, உடம்புக்குச் சோப்புப் போட்டுக் குளியுங்க. விழுந்த குண்டைக் கையால் எடுக்காதீங்க, சுட்டுவிடும். மூச்சுத் திணறினாலோ, கண் எரிச்சல் அடங்காவிட்டாலோ ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். கொல்லாது என்ற பெயரை நம்பி வீட்டிலேயே படுத்துக் கிடக்காதீங்க.