கோஷ்டிக்கு முகம் எதற்கு?

அலுவலகக் குழுக்கள் இணக்கமாக வேலை செய்ய வேண்டுமானால் எல்லோரும் காமிராவைத் திறந்து முகத்தைக் காட்டியாக வேண்டும் என்னும் கருத்து, 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப் பின் கேள்வி கேட்கக்கூடாத உண்மையாகிவிட்டது. முகம் பார்த்தால் நம்பிக்கை வளரும், நம்பிக்கை வளர்ந்தால் கூட்டுழைப்புப் பெருகும் என்பது அதன் தருக்கம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தவறு என்பதும், அதை அறிய ஆழ்வார்திருநகரியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை என்பதும் என் தரப்பு.

(இலக்கியம் பேசும் இடத்தில் அலுவலக விவகாரம் எதற்கு என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். நம்மில் பலர் பகலெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்துவிட்டு, மிச்சமிருக்கும் கண்ணொளியில்தான் இலக்கியம் படிக்கிறோம்.)

ஆதிநாதர் கோயிலில் அத்யயன உற்சவத்தின் இராப்பத்து நாட்களில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி நாளுக்கொரு பத்தாகச் சேவிக்கப்படுகிறது. மொத்தம் 1,102 பாசுரங்கள். ஒருவர் முதற்சொற்களை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வீதிப் புறப்பாட்டில் தமிழ்ப் பிரபந்த கோஷ்டி பெருமாளுக்கு முன்னாலும் வேத கோஷ்டி பின்னாலும் செல்வது வைணவ மரபு. தமிழுக்குக் கிடைத்த அந்த இடம் பற்றி நாம் மகிழ்வது ஒரு புறம் இருக்கட்டும். அந்தக் கோஷ்டியில் நடந்து போகிறவர் எதைப் பார்க்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? முன்னே நடப்பவரின் முதுகை. அவ்வளவுதான். ஆயினும் ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியைப் பக்கத்துக் குரல் நிரப்பிவிடுகிறது. ஒருவருக்குச் சொல் தட்டினால், அடுத்தவர் அதே சொல்லைச் சற்று அழுத்திச் சொல்லி அவரைக் கைதூக்கி விடுகிறார். முதியவரின் தளர்ந்த குரலும் சிறுவனின் கீச்சுக்குரலும் ஒரே நடையில் செல்கின்றன. இதைச் சாத்தியமாக்குபவை இரண்டு: எல்லோர் நெஞ்சிலும் ஒரே பிரதி இருக்கிறது, எல்லோர் காதும் திறந்திருக்கிறது.

பக்திப் பரவசத்தில் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வொன்று இதையே வேறு மொழியில் சொல்கிறது. 198 பேரை இருவர் இருவராகப் பிரித்துத் தொலைவிலிருந்தபடியே சேர்ந்து புதிர்களை விடுவிக்கச் செய்தார்கள். சில இணைகளுக்குக் குரலும் படமும், சிலவற்றுக்குக் குரல் மட்டும். படம் இருந்ததால் கூட்டறிவு சிறிதும் கூடவில்லை. இருவரின் குரல் ஏற்ற இறக்கங்களும் ஒன்றோடொன்று இசைந்து, பேசும் வாய்ப்பும் சமமாகப் பகிரப்பட்ட இடத்தில்தான் கூட்டறிவு உயர்ந்தது. படமோ அந்தக் குரலிசைவைக் குறைத்தது.

ஏன் இப்படி? நேர்ப் பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்க ஆகும் நேரம் கண்ணிமைப்பினும் குறைவு. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அதைச் சராசரி 135 மில்லி விநாடி என்று அளந்தது. ஜூமில் அதுவே 487 ஆகிவிடுகிறது. மில்லி விநாடிக் கணக்குக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்கள், பிரபந்தம் சொல்லித்தரும் ‘சந்தை’ வகுப்பைத் திரையில் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வது முறை. திரையிலோ பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் பத்தும் பத்து நேரத்தில் வந்து விழுந்து கூச்சலாகும். ஆகவே எல்லோருடைய ஒலிவாங்கியையும் அணைக்கச் சொல்லிவிடுவார்கள். கடல் கடந்து வாழும் ஒருவர் தனியே பாடம் கற்க இது பெரும் வரம், மறுக்கவில்லை. ஆனால் கோஷ்டி அங்கே கலைந்துவிடுகிறது. அசையும் உதடுகளைக் கட்டங்கட்டமாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் அது திரும்பக் கூடிவிடுவதில்லை.

முகத்துக்கு ஆகும் செலவும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் அதைப் பட்டியலிட்டார்: இயல்புக்கு மிஞ்சிய அருகாமையில் உற்றுநோக்கும் முகங்கள், குறிப்பறிவதற்கான கூடுதல் மூளையுழைப்பு, அசையாமல் உட்கார வேண்டிய நிர்ப்பந்தம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் முகத்தையே நாள் முழுதும் தான் பார்த்துக்கொண்டிருக்கும் அவலம். அலுவலக மேசைதோறும் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதைப் பார்த்தபடியே வேலை செய் என்று எந்த மேலாளராவது சொல்லியிருப்பாரா?

எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவரை அறிவேன். ஒற்றை அறை, அதிலேயே படுக்கையில் கிடக்கும் தந்தை. காமிரா திறந்தேயிருக்க வேண்டும் என்பது அவருடைய நிறுவனத்தின் விதி. முதுகுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தில் அமர்கிறார். “அண்ணாச்சி, நான் எழுதுன நிரலப் பாக்கட்டும். எங்க வீட்டுச் சுவர எதுக்குப் பாக்கணும்?” என்றார். காமிரா எல்லோரையும் சமமாகக் காட்டுவதாகச் சொல்கிறார்கள். தனியறை உள்ளவனையும் இல்லாதவனையும் அது பிரித்துக் காட்டுகிறது என்பதே நடைமுறை.

இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு: திரையே வேண்டாம், எல்லோரும் பெருநகர அலுவலகத்துக்கே திரும்புங்கள் என்பது. அவர்கள் கையில் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. 602 பேரை இணைகளாக வைத்துச் செய்த சோதனையில், காணொளி வழி பேசியவர்களுக்கு நேரில் அமர்ந்தவர்களைவிடக் குறைவான யோசனைகளே தோன்றின. கண் திரையில் கட்டுண்டதால் மனமும் அலையாமல் நின்றுவிட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் தோன்றிய யோசனைகளில் சிறந்ததைத் தேர்வதில் காணொளி இணைகள் பின்தங்கவில்லை என்று அதே ஆய்வு சொல்வதை இவர்கள் ஏன் சொல்வதில்லை? தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011-இலேயே அலுவலகம் திறந்தது. ஊரிலிருந்தே வேலை செய்வது கனவன்று என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. என் வழக்கு தொலைவின் மீதன்று, முகவெறியின் மீது.

காணொளி அடியோடு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. செவித்திறன் அற்ற ஊழியருக்குச் சைகையும் உதட்டசைவும்தான் மொழி. அவர் இருக்கும் கூட்டத்தில் காமிராவை மூடுவது அநியாயம். புதிதாகச் சேர்ந்தவரை ஒருமுறை முகம் பார்த்து அறிமுகம் செய்துகொள்வதும் முறைதான். மற்றபடி காமிரா எங்கே திரும்பியிருக்க வேண்டும் என்பதற்கு விடை 1968-இலேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் கணிப்பொறியை மக்கள் முன் இயக்கிக் காட்டினார். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகம் திரையின் ஒரு மூலையில் தெரிந்தது. திரையின் பெரும்பகுதியை அடைத்திருந்தது இருவரும் சேர்ந்து பார்த்த எழுத்து. கோஷ்டியின் நெஞ்சிலிருக்கும் பிரதி அங்கே திரைக்கு வந்திருந்தது என்பேன். 1970-இல் ஏடிஅண்ட்டி நிறுவனம் பிட்ஸ்பர்கில் ‘பிக்சர்ஃபோன்’ என்று முகத்தை மட்டும் விற்கப் பார்த்தது, வாங்க ஆளில்லை.

பத்தமடையில் கோரையை நூல்போல் கிழித்துப் பாய் நெய்கிறவரின் முகத்தை ஒருமணி நேரம் பார்த்தாலும் நெசவு வராது. அவர் விரல்களை இரண்டு நிமிடம் படம்பிடித்து அனுப்பினால், பார்ப்பவர் நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்த்துக் கொஞ்சமாவது பிடித்துக்கொள்வார். அலுவலகத்திலும் அப்படித்தான். பழுதான இயந்திரத்தை, பிழை காட்டும் திரையை, ஒரு வேலையைச் செய்து முடிக்கும் வரிசையைப் படமெடுத்து அடுத்த முறைக்காரருக்கு விட்டுச் செல்லட்டும். வேண்டாம் என்பவர் யார்? கூட்டம் கூட்டியே தீருவேன் என்கிற மேலாளர் பேச வேண்டியதை முதல்நாளே இரண்டு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பட்டும். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள், வேட்டித் திரை கட்டாமல், குரலோடு மட்டும் வரட்டும்.