சக்தி சில்லும் கம்பர் மண்டபமும்

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் குழு வடிவமைத்த 'சக்தி' செயலியில் 2018ஆம் ஆண்டு லினக்ஸ் இயங்கியது. இந்தியச் சில்லு பிறந்துவிட்டதென்று நாளிதழ்கள் மகிழ்ந்தன, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஓர் இயங்குதளம் தனக்குப் பழக்கமில்லாத செயலியில் எவ்வாறு குடியேறிற்று என்று கேட்டவர் சிலரே.

1991இல் லினக்ஸ் பிறந்தபோது அது இன்டெல் 386 செயலிக்கென்றே எழுதப்பட்டது. சக்தி பேசுவதோ ரிஸ்க்-ஃபைவ் என்னும் வேறொரு கட்டளைமொழி. 2010இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தோன்றியது. லினக்ஸின் பெரும்பகுதி சி மொழியில் இருப்பதால் அதை மாற்றுவதற்குத் தொகுப்பி போதும். எஞ்சிய சிறுபகுதியில்தான் இடர். மின்னூட்டிய கணத்தில் முதலில் செய்ய வேண்டியது என்ன, ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றுக்குத் தாவும்போது எவற்றைக் காத்து வைப்பது, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரிப்பது எப்படி என்பனவற்றைச் செயலியின் இயல்பறிந்து கையால் எழுத வேண்டும். ரிஸ்க்-ஃபைவுக்கான இப்பகுதி பல நாட்டார் உழைப்பால் 2018 ஜனவரியில் லினக்ஸ் 4.15இல் சேர்ந்தது.

தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாக மரபு சொல்லும் மண்டபம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சன்னிதி எதிரே நிற்கிறது. கதை வான்மீகியுடையது, கோசலத்து வயலும் வரப்பும் காவிரிக் கரையின் சாயலுடையவை. (கம்பன் செய்தது இதனினும் மிகப் பெரிது என்று சண்டைக்கு வரும் நண்பர்களுக்கு: ஒப்புக்கொள்கிறோம்.) தொல்காப்பியமும் மொழிபெயர்ப்பை வழிநூலின் வகையாகவே வைக்கிறது, இரவல் என்று இகழவில்லை.

ஆகவே 'முழுக்க நம்முடையது' என்னும் பெருமிதம் நமக்கு ஒப்பவில்லை. அந்த 2018ஆம் ஆண்டுச் சில்லுகள் வார்க்கப்பட்டது அமெரிக்காவின் ஓரிகனில், இன்டெல் ஆலையில். கட்டளைமொழியும் இயங்குதளமும் பிறர் தந்தவை. அதனால் இழிவொன்றுமில்லை. எவர் அனுமதியும் வேண்டாமல் அவற்றைத் திறந்து திருத்த முடிந்ததே, நம் கண்ணுக்கு, விடுதலை.

குடியேற்றமும் ஒருநாளில் முடிவதன்று. கரு இயங்கிய பிறகு ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் பின்தொடர வேண்டும். உலாவி போன்றவை ஓடும்போதே செயலிக்கான கட்டளைகளை ஆக்கிக்கொள்வதால் அப்பகுதிகளையும் புதிதாக எழுத வேண்டும். டெபியன் தன் அதிகாரபூர்வக் கட்டமைப்புகளுள் ரிஸ்க்-ஃபைவைச் சேர்த்தது 2025 ஆகஸ்டில், 13ஆம் பதிப்பில்தான்.

இவ்வேளையில் திருச்சியைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளை நினைக்கிறோம். 2011இல் தமிழக அரசு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது. மூலநிரல் படிக்கக் கிடைக்கும் இயங்குதளம் ஒன்று வீடு தேடி வந்தது; அதைப் படிக்கப் பாடத்திட்டம் இடம் தரவில்லை. இயங்குதளப் பாடத்தில் மாணவர் வரையறைகளை மனனம் செய்து தேர்வெழுதுகின்றனர். உரையை உருப்போட்டு மூலத்தைத் தொடாத நம் தமிழ் மாணவர் போலவே.

சில்லு கையில் இல்லையென்பது இன்று சாக்காகாது. க்யூஎமு என்னும் இலவச மென்பொருள் சாதாரணக் கணினிக்குள்ளேயே ரிஸ்க்-ஃபைவ் செயலியைப் போலச்செய்து காட்டும். ஒரு பருவத்துக்கு வரையறைகளை ஒதுக்கிவைத்து, ஒரு சிறு கருவை அதில் எழுப்பிக் காட்டு என்று துவாக்குடியிலோ சமயபுரத்திலோ ஓர் ஆசிரியராவது கேட்கட்டும்.