இழுவை வேறு, சுமை வேறு

கனடாவிலே ஒன்ராறியோ மாகாணத்தில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து அண்மையில் நீண்டதொரு கடிதம் வந்தது. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அல்கொன்குவின் வனப்பூங்காவிற்குச் சென்று சில நாள் தங்குதல் அவருடைய நெடுநாளைய ஆசை. அதற்கென, உள்ளே படுக்கையும் அடுப்பும் குளியலறையும் அமைந்த ட்ரெயிலர் ஒன்றை விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். தம்முடைய பிக்கப் வண்டியின் பின்னே அதனைப் பூட்டி இழுத்துச் செல்வதாக எண்ணம்.

“உங்கள் வண்டி 4,300 கிலோ இழுக்கும், இந்த ட்ரெயிலரோ 2,900 கிலோதான், இன்னும் 1,400 கிலோ மிச்சம் இருக்கிறது” என்றாராம் விற்பனையாளர். மைத்துனரும் அதனையே ஆமோதித்தாராம். மனைவிக்கு மாத்திரம் மனம் ஒப்பவில்லை. “சேர், நீங்கள் ஒருக்கால் கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கடிதத்தை முடித்திருந்தார். வண்டியின் விளக்கப் புத்தகம், சாரதி பக்கத்துக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாள், ட்ரெயிலரின் தகடு ஆகியவற்றின் படங்களும் உடன் வந்தன.

அத்தகைய வண்டியை நாம் ஒருநாளேனும் ஓட்டியதில்லை. ஆயினும் கூட்டலும் கழித்தலும் எந்நாட்டிலும் ஒன்றுதானே!

முதலாவது, அந்த 2,900 என்ற எண் வெறும் ட்ரெயிலரின் நிறை. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது அதனுள் தண்ணீர் இல்லை, பாயில்லை, பானையில்லை. 150 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் 150 கிலோ. எரிவாயு நிறைந்த உருளைகள் இரண்டிற்கு 35 கிலோ. மின்கலத்திற்கு 25. படுக்கை, உடுப்பு, அரிசி, கறிச்சட்டி, மடக்கு நாற்காலி, பிள்ளைகளின் சைக்கிள்கள் யாவும் சேர்த்து 290 என்று கொள்வோம். ஆக 3,400 கிலோ. ட்ரெயிலரின் தகட்டிலே அதன் உச்ச நிறை 3,600 என்று பொறித்திருக்கிறது. விற்பனையாளர் நோக்கியிருக்க வேண்டியது இதனையே. எனினும், 3,400 ஆனாலும் 4,300-க்குள் அடங்கிவிட்டதே என்று மைத்துனர் கேட்கக்கூடும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

மாட்டுவண்டிலில் பொதியேற்றிப் பழகிய பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அச்சுக்குப் பின்னே பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னே மிகவும் கூடினால் மாடு கழுத்துத் தாழ்ந்து திணறும். அச்சுக்குச் சற்று முன்னே, அளவான முன்பாரம் நுகத்தில் அமரும்படி பொதியை அடுக்குவது வண்டிற்காரரின் கைத்திறன். ட்ரெயிலரும் அவ்வாறானதே. அதன் சக்கரங்கள் நடுப்பகுதியில் இருப்பதால் நிறையில் ஒரு பங்கு முன்தண்டு வழியாக பிக்கப் வண்டியின் முதுகிலே இறங்குகிறது. அப்பங்கு ட்ரெயிலரின் முழு நிறையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருத்தல் வேண்டும் என்பது அத்தொழிலாளர் யாவரும் ஒப்புக்கொண்ட விதி. அதற்குக் குறைந்தால், வேகம் கூடும்போது ட்ரெயிலர் பாம்பின் வால்போல் இருமருங்கும் அலையத் தொடங்கும். ஒவ்வோர் அலைவும் முன்னதிலும் பெரிதாகி, ஈற்றில் இழுக்கும் வண்டியையும் உடன்கொண்டு கவிழ்த்துவிடுதலும் உண்டு. ஆகையால் முன்பாரத்தைக் குறைத்துத் தப்பித்துக்கொள்ள வழியில்லை.

மாணவர்கள் இப்போது பென்சிலை எடுத்துக்கொள்க. 3,400 கிலோவில் நூற்றுக்கு 13 என்றால் 442 கிலோ. இது பின்னால் உருண்டு வரும் பாரமன்று. பிக்கப் வண்டியே சுமக்கும் பாரம். கதவுச் சட்டத்திலுள்ள தாள், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 680 கிலோவைத் தாண்டலாகாது என்கிறது. இந்த 680-க்குள் முன்பாரமும் அடங்கவேண்டும், சாரதியும் அடங்கவேண்டும். நம் மாணவரும் மனைவியும் 140 கிலோ, பிள்ளைகள் மூவரும் 125, மாமியார் 60. ஆட்கள் 325. பூட்டும் கருவிகள் 45. பனிக்கட்டிப் பெட்டி முதலிய சில்லறைச் சாமான்கள் 60. யாவற்றையும் கூட்டினால் 872 கிலோ. வரம்பிற்கு மேல் 192!

இழுவையில் 900 கிலோ மிச்சமிருக்கும் வண்டி, சுமையில் 192 கிலோ கடன்பட்டு நிற்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். 680-இல் ஆட்களையும் கருவியையும் சாமான்களையும் கழித்தால் முன்பாரத்திற்கு எஞ்சுவது 250 கிலோ. அது நூற்றுக்கு 13 ஆக வேண்டுமாயின், ட்ரெயிலர் நிறைந்த நிலையில் ஏறக்குறைய 1,900 கிலோவே இருக்கலாம். புத்தகத்திலே 4,300, இக்குடும்பத்திற்கோ 1,900!

அப்படியாயின் புத்தகம் பொய்யுரைத்ததா என்று கேட்டால், அவ்வாறு சொல்லுதல் நியாயமன்று. அமெரிக்காவில் மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2008-இல் ஜே 2807 என்னும் விதிமுறையை வெளியிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த முறையிலே அளந்து, தனக்குப் பிடித்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தது. இவ்விதிமுறைப்படி, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கமாக ஏறும் நெடுஞ்சாலைச் சரிவில், ஏறத்தாழ 18 கிலோமீற்றர் தூரம், கடும் வெயிலில், குளிரூட்டியை முழுமையாக ஓடவிட்டு, சாதாரண பிக்கப் வண்டி மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஏறிக் காட்டவேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அங்கே வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவோர் இருவர். ஆளுக்கு 68 கிலோ. முன்பாரமும் நூற்றுக்குப் பத்தே. மூன்று பிள்ளைகளும் ஒரு மாமியாரும் பொறியியலாளரின் கணக்கில் இல்லை.

இன்னொரு செய்தி. மைத்துனரிடமும் அதே பெயருடைய வண்டி இருக்கிறதாம். அதன் தாளில் 800 கிலோ என்றிருக்கிறதாம். இதில் வியப்பில்லை. நாற்சக்கர இழுவை, கூரைக் கண்ணாடி, பெரிய ஆசனங்கள் என்று சொகுசு ஏற ஏறச் சுமக்கும் திறன் இறங்கும். ஒரே பெயருள்ள இரு வண்டிகள் ஒரே சுமையைத் தாங்குவதில்லை. தத்தம் கதவிலுள்ள தாளையே பார்த்தல் வேண்டும்.

பாரத்தைப் பங்கிடும் விசேடப் பூட்டு ஒன்று உண்டு என்றும், அதனைப் போட்டால் குறை தீருமென்றும் விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அக்கருவி நல்லதே, நாம் மறுக்கவில்லை. பின்னச்சில் குவியும் பாரத்தில் ஒரு பகுதியை அது முன்னச்சுக்கும் ட்ரெயிலரின் அச்சுக்கும் மாற்றிவிடும். அது இல்லாவிடில் பின்புறம் அமிழ்ந்து, முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பும் சக்கரம் சொற்கேளாது. இராக்காலத்தில் முன்விளக்குகள் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். ஆனால் கதவுத் தாளில் உள்ள எண்ணை உயர்த்தும் வித்தை அக்கருவிக்கு இல்லை. 45 கிலோ தன் நிறையையும் அல்லவா அது கூட்டுகிறது!

மாமியாரை ட்ரெயிலருக்குள் படுக்கவைத்துக் கொண்டுபோனால் என்ன என்றும் ஒரு யோசனை கடிதத்தின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒன்ராறியோச் சட்டப்படி, ஓடும் வீட்டு ட்ரெயிலருக்குள் எவரும் இருத்தலாகாது. 1,360 கிலோவும் அதற்கு மேலும் நிறையுள்ள ட்ரெயிலருக்குத் தனி பிறேக்கு இருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டமே. அந்த பிறேக்கைச் சாரதியின் கைக்கெட்டும் விசையால் தனியே இயக்கும் வசதியும் உண்டு. ட்ரெயிலர் அலையத் தொடங்கினால் திருப்பும் சக்கரத்தை அங்குமிங்கும் வெட்டாமல், பிக்கப் வண்டியின் பிறேக்கை ஓங்கி மிதியாமல், வேகத்தைத் தளரவிட்டு அந்த விசையை மெல்ல அழுத்தவேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதி, சிறிய ட்ரெயிலராக மாற்றிக்கொள்ளுமாறும், வாங்கியதை நிறுத்துப் பார்க்குமாறும் சொன்னோம். பெருஞ்சாலையோரத்தில் லொறிகள் நிற்குமிடங்களில் கட்டணத்திற்கு நிறுக்கும் தராசு மேடைகள் அந்நாட்டில் உண்டு. பிக்கப் வண்டியைத் தனியே ஒருமுறை நிறுக்கவேண்டும். பின்னர் ட்ரெயிலரைப் பூட்டி, பாரம் பங்கிடும் கம்பிகளை இறுக்காமல், வண்டியின் இரு அச்சுகளும் தாங்கும் நிறையை மாத்திரம் பார்க்கவேண்டும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே முன்பாரம்.

சென்ற வாரம் மறுமொழி வந்தது. முன்பணத்தில் ஒரு பகுதியைக் கடைக்காரர் பிடித்துக்கொண்டனராம். மிகுதியைச் சிறிய ட்ரெயிலர் ஒன்றிற்கு மாற்றியாயிற்று. பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் உண்டு, குளியலறைதான் அலுமாரியளவு. மைத்துனர் முகங்கொடுத்துப் பேசுவதில்லையாம். தாமும் மூத்த மகனுமாகச் சென்று, சாமான்களை ஏற்றியபின், தண்ணீர்த் தொட்டியை வெறுமையாக விட்டு நிறுத்திருக்கிறார்கள். தண்ணீரை முகாமில் நிரப்பிக்கொள்வார்களாம். ட்ரெயிலர் 1,860 கிலோ, முன்பாரம் 235. யாவும் கூட்டினால் 665. கதவுத் தாளுக்குள் அடங்கி, 15 கிலோ மிஞ்சுகிறது.

மகன் அப்பியாசக் கொப்பி ஒன்றில் வீட்டார் ஒவ்வொருவரின் நிறையையும் எழுதி அதன் படத்தையும் அனுப்பியிருக்கிறான். பாட்டியார் மாத்திரம் தராசில் ஏற மறுத்துவிட்டாராம். ஆகவே 60 என்பது உத்தேசம். அதனை 65 என்று திருத்தி எழுதும்படி நாம் பதில் விடுத்திருக்கிறோம்.