வேறு வைத்தாலும் வேர் ஒன்றே

‘ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும்’ என்பர் பெரியோர். ஊரும் கூடிவிட்டது, வடமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் தேரை எந்தத் தெருவில் திருப்புவது என்பதில் கருத்து வேறுபட்டால் என்ன செய்வது? இந்த வினா, பள்ளி அறிவியல் கண்காட்சியின்போது எங்களிடையே எழுந்தது.

தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மணியடிக்கும் கருவி ஒன்றைச் செய்ய நாங்கள் அறுவர் முனைந்தோம். மணி அடித்தால் மட்டும் போதாது, மோட்டாரும் தானே நிற்க வேண்டும் என்றனர் இருவர். முதலில் மணி அடிக்கட்டும் என்றோம் மற்ற நால்வர். வாதம் வளர்ந்தது. இருவரும் பிரிந்து சென்று தனியே வேலை தொடங்கினர். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை! அப்போது எங்களுக்கு நல்லறிவு புகட்டியது, மின்சுற்றை வரைந்து சோதிக்க நாங்கள் பயன்படுத்திய மென்பொருளின் வரலாறே ஆகும். அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அம்மென்பொருளின் பெயர் ஈசிம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபாஸீ திட்டத்தினர் உருவாக்கியது. முன்னர் ஆஸ்காட் என்ற பெயரில் வழங்கியது. அது விலையின்றிக் கிடைக்கிறது. அதைவிடச் சிறப்பு ஒன்றுண்டு. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். இதனையே திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

ஈசிம் தனித்துப் பிறந்ததன்று. மின்சுற்றை வரைவதற்குக் கிகேட், அது எவ்வாறு இயங்கும் எனக் கணித்துச் சொல்வதற்கு என்ஜிஸ்பைஸ் என, முன்பே இருந்த மென்பொருள்களை இணைத்து எழுந்தது. கிகேட் 1992-இல் பிரான்சு நாட்டின் ஜான்-பியேர் ஷாரா என்பவர் தொடங்கியது. என்ஜிஸ்பைஸின் வேரோ இன்னும் ஆழமானது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில், லாரன்ஸ் நேகல் என்ற மாணவர் உருவாக்கி 1973-இல் வெளிவந்த ஸ்பைஸ் என்ற நிரலே அதன் மூதாதை. அந்நிரல் தடையின்றிப் பலருக்கும் வழங்கப்பட்டது. அதனால் பல கிளைகள் தோன்றின. எச்ஸ்பைஸ், பீஸ்பைஸ் போன்ற கிளைகள் விற்பனைப் பொருள்களாகி, அவற்றின் மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டது. என்ஜிஸ்பைஸ் என்ற கிளையோ இன்றும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஒரே தாயின் மக்கள். ஆனால் போக்கு வேறு வேறு!

இத்தகைய மென்பொருளில் ஒரு புதிய வசதி எவ்வாறு பிறக்கிறது? ஒருவர், “எனக்கு இன்னது வேண்டும்” என எழுதுகிறார். உடனே வினாக்கள் எழுகின்றன. எதற்காக? இப்போது அவ்வேலையை எப்படிச் செய்கிறீர்கள்? புதியதைச் சேர்த்தால் பழைய வரைபடங்கள் திறக்குமா? யார் எழுதுவது? எழுதியபின் பிழை வந்தால் யார் பார்ப்பது? இவ்வினாக்களில் உரசி உரசி, கேட்ட பொருளே உருமாறிவிடுவதும் உண்டு. பதிப்பு வெளிவரும் காலம் நெருங்கிவிட்டாலோ புதியவற்றுக்கு இடமில்லை. பிழை திருத்தம் மட்டுமே நடக்கும். ஆகவே சில கோரிக்கைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன.

காத்திருந்து பயனடைந்ததற்கும் சான்று உண்டு. மின்சுற்றுப் பலகையில் ஒரு செம்புத் தடத்தை நகர்த்தினால் பக்கத்துத் தடங்கள் தாமே விலகி வழிவிடும் வசதி, 2015-இல் வெளிவந்த கிகேட் நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. அதனை எழுதித் தந்தவர்கள் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்துப் பொறியாளர்கள். “எங்களுக்கு வேண்டும்” என்று கேட்டதோடு நில்லாமல், உழைப்பையும் கையோடு கொணர்ந்தார்கள்!

உழைத்தும் உடன்பாடு எட்டாவிட்டால்? அப்போது மூல நிரலைப் படியெடுத்துக்கொண்டு தனியே போக உரிமையுண்டு. ஜீ-ஈடா என்ற மற்றொரு மின்சுற்று மென்பொருளை வளர்த்துவந்தோரில் பலர், 2016-இல் லெப்டான் ஈடா என்ற தனிக் கிளையைத் தொடங்கினர். உரிமம் அதனை அனுமதிக்கிறது. இது துரோகம் ஆகாது.

இவ்வழக்கம் செட்டிநாட்டாராகிய நமக்குப் புதிதா என்ன? நம் பகுதி நகரத்தார் வீடுகளில் மகனுக்குத் திருமணமானதும் ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கம் உண்டு. அதே வீட்டிலேயே இளந்தம்பதியர்க்குத் தனி அறை, தனி அடுப்பு. கோயில் கணக்கிலும் அவர்கள் தனிப் புள்ளி. ஆனால் முகப்பும் வளவும் எல்லாருக்கும் பொது. நல்லது கெட்டதில் எல்லாரும் ஒன்று. நகரத்தாரே ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள்தாம். அவற்றுள் ஒன்றான இளையாற்றங்குடி நம் கீழச்சிவல்பட்டிக்கு அண்மையிலேயே உள்ளது. பிரிந்ததால் அவர்கள் பகைவராயினரா? இல்லையே!

‘பிரிவதால் உழைப்பு வீணாகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஒரே பிழையை இரண்டு இடங்களில் இரண்டு முறை திருத்த நேரிடும். தாய் மென்பொருள் மாறும்போது அதனைச் சார்ந்தோரும் ஓட வேண்டும். 2021 இறுதியில் கிகேட் ஆறாம் பதிப்பு வந்தபோது, மின்சுற்று வரைபடக் கோப்பின் அமைப்பே மாறிவிட்டது. பழைய அமைப்பை நம்பி எழுதியவர்களுக்கு அது பெரும் வேலை. ஆகவே பிரிவு முதற்படியாக இருத்தல் கூடாது. முதலில் கேட்க வேண்டும். காரணத்தோடு கேட்க வேண்டும். இயன்றதைச் செய்துகாட்டிக் கேட்க வேண்டும். அதன்பின்னும் இசையாவிடில், பகையின்றிப் பிரிந்து, கண்டதைத் தாய் வீட்டுக்கும் தர வேண்டும். ஆனால் பிரியும் உரிமையே இல்லாத இடத்தில், கேட்பவர் குரலுக்கு மதிப்பிராது. அடுப்பு வைக்க வேறு இடமில்லாத மருமகள் வாய்திறந்து பேச முடியுமா?

பெற்றோர்க்கும் எங்களுக்குக் கற்பிக்கும் அருட்சகோதரியர்க்கும் இவ்விடத்தில் ஒன்று கூற விரும்புகிறோம். சிற்றூர்ப் பெண்களாகிய நாங்கள், கொடுத்ததை வாங்கிக்கொள்ளப் பழகியவர்கள். ‘இது எனக்கு விளங்கவில்லை, இதை இப்படி மாற்றலாமே’ என்று கேட்க நா எழுவதில்லை. திறந்த மூல மென்பொருளில் கேட்பவர் எவ்வூரார், ஆணா பெண்ணா என்று பார்த்து விதி மாறுவதில்லை. கோரிக்கையின் தரமும் உழைப்புமே பேச வேண்டும் என்பதே அதன் நெறி. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், ஒரு பிழையைத் தெளிவாக எடுத்துரைக்கலாம். ஒரு பாடத்தைத் தமிழில் ஆக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு கணிப்பொறியும், ‘கேள், மகளே’ என்ற ஊக்கமுமே. அவ்விரண்டையும் எங்களுக்குத் தர வேண்டுகிறோம்.

எங்கள் கருவி என்னாயிற்று என்கிறீர்களா? மோட்டாரை நிறுத்தும் சுற்றைத் தோழியர் இருவரும் செய்து முடித்தனர். ஆனால் நீர்மட்டத்தை உணரும் பகுதி அவர்களுக்குச் சரிவரவில்லை. எங்களதோ சரியாக இருந்தது. வரைபடத்தைக் கேட்டு வந்தனர், மகிழ்வுடன் கொடுத்தோம். அவர்களது சுற்றை எங்களிடம் தந்தனர். கண்காட்சியில் இரண்டு மேசைகளில் இரண்டு கருவிகள் நின்றன. இரண்டிலும் மணி அடித்தது. இரண்டிலும் மோட்டார் நின்றது!

தோழியரே! துணிந்து கேட்போம், உழைத்துக் காட்டுவோம், பிரிய நேர்ந்தாலும் வளவின் கதவை அடைக்காதிருப்போம்.